“240 இருக்கு” என்றேன்

எனக்கு எழுபத்தாறு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். பெக்கோக் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் கல்யாணம், திருவிழா, சாவு எதுவானாலும் எங்கள் மைக் செட்தான். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு அதை நானே ஓட்டினேன். பல்பு மாதிரி இருக்கும் கண்ணாடி வால்வை மாற்றுவேன், ஒயருக்கு ஈயம் வைத்துப் பற்றவைப்பேன். ஆம்பளைகள் ஓரமாக நின்று பார்ப்பார்கள்.

இப்போது பாசிர் கூடாங்கில் கடைசி மகன் வீட்டில் இருக்கிறேன். போன வருடம் அந்த மைக் செட்டின் வால்வு ஆம்ப்ளிஃபையரில் டிரான்ஸ்ஃபார்மர் கருகிப்போனது.

“தூக்கிப் போடுங்கம்மா, குட்டி ஸ்பீக்கர் வாங்கித் தரேன்” என்றான் மகன்.

எனக்குச் சுருக்கென்றது. “தீபாவளிக்குள்ள இதைப் பாட வைக்கிறேன் பாரு” என்றேன்.

ஜொகூர் பாருவில் பழைய சாமான் கடையில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் கிடைத்தது. அதே கனம், அதே திருகு ஓட்டை, அதே ஒயர் நிறம். எங்கள் பழைய ரிப்பேர்காரருக்குப் போன் போட்டேன்.

“அக்கா, அவசரப்படாதீங்க. மேல ஒரு சீட்டு ஒட்டியிருக்குமே, அதுல 240ன்னு இருக்கா?”

“இருக்கு.”

“எந்தப் பக்கம்? கரண்ட் உள்ள வர்ற பக்கமா, வெளிய போற பக்கமா?”

எண்கள் எனக்குத் தெரியும். பக்கத்தில் இருந்த இங்கிலீஷ் எழுத்துதான் தெரியாது. எதிரே பேத்தி பள்ளிப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். “நான் படிக்கட்டா பாட்டி?” என்றாள்.

“உன் வேலையைப் பாரு” என்றுவிட்டு, போனில், “உள்ள வர்ற பக்கந்தான் தம்பி. எனக்குத் தெரியாதா?” என்றேன்.

“அப்ப சரி லா. நீங்க பாக்காத செட்டா!”

பழையதில் இருந்தபடியே கறுப்பு ஒயர் இரண்டையும் கரண்டுக்குக் கொடுத்தேன். சுவிட்சைப் போட்டதும் வால்வுகள் வெள்ளையாய்ப் பளீரென்று எரிந்தன. பிறகு புகை. பேத்திதான் ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

மறுநாள் ரிப்பேர்காரர் வந்து பார்த்தார். உள்ளே வரும் பக்கம் 115தானாம். 240 வெளியே போகிற பக்கமாம். நம் வீட்டுக் கரண்ட் 240; அது தாங்குவதைப்போல் இரண்டு மடங்காய்ப் பாய்ந்திருக்கிறது. ஒரு வால்வுகூடத் தேறவில்லை.

“இந்த வால்வையெல்லாம் இனி எங்க போய்த் தேடுறது? ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?”

“கண்ணு சரியாத் தெரியல தம்பி” என்றேன். அப்போதும் பொய்.

மகன் குட்டி ஸ்பீக்கரை வாங்கி வந்து வைத்தான். தீபாவளியன்று அது பாடியது. நான் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

ஆறு பேருக்குச் சோறு போட்ட பெட்டியை என் வீம்பு எரித்தது. எனக்குள் அந்தத் தீ இன்னும் அணையவில்லை. தெரியாது என்ற ஒரு வார்த்தை வாயில் வர ஒரு வருடம் ஆகியிருக்கிறது. நான் சொல்லச் சொல்ல இதை எழுதியவள் அந்தப் பேத்திதான்.

கண்ணு, முதல்லேருந்து படிச்சுக் காட்டு. எழுத்து தெரியாதுன்னு சொன்ன இடத்தை மட்டும் வேகமாத் தாண்டிடாத.