கீழ்வீட்டு அன்ரியின் ஞாயிற்றுக்கிழமை

இலங்கையில் யுத்தம் முடிந்த அந்தக் கோடையில் அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு டொரொன்டோவிலிருந்து ஜெர்மனிக்குப் பறந்தார், பெரிய மாமா வீட்டுக்கு. வன்னியில் அகப்பட்ட சின்ன மாமா இருக்கிறாரா இல்லையா என்றே தெரியவில்லை. தகவல் வந்தால் பெரிய மாமாவுக்குத்தான் முதலில் வரும் என்று அம்மா நம்பினார். எனக்கு எட்டு வயது. எனக்கென்ன, விடுமுறை!

அந்தச் சின்ன ஊரைப் பற்றிப் பெரிய மாமாவுக்கு இருந்த பெருமை சொல்லி மாளாது. "இதுதான் எங்கடை ஊர், பிள்ளை" என்று ஆற்றங்கரை, மணிக்கூட்டுக் கோபுரம், தான் முதன்முதலில் கோப்பை கழுவிய கடை எல்லாவற்றையும் காட்டினார். கைபேசியை மட்டும் கையை விட்டு இறக்கவில்லை.

அந்த ஊரில் ஒரு சட்டம். ஞாயிற்றுக்கிழமை மூச்சு விடலாம், சத்தம் போடக்கூடாது. மிக்சி போடக்கூடாது, தேங்காய்கூட உடைக்கக்கூடாது. நான் கொஞ்சம் குதித்தால் போதும், "மெதுவா! கீழ்வீட்டு அன்ரி வந்திடுவா" என்று மாமா பதறுவார். கீழ்வீட்டு அன்ரி எண்பது வயது ஜெர்மன்காரி. டொரொன்டோவில், எங்கள் வெக்ஸ்போர்டில், ஞாயிறு என்றால் எங்கள் கட்டடமே அதிரும். இதென்ன சீவியம் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

ஒரு ஞாயிறு மத்தியானம் கைபேசி அடித்தது.

"டேய்! நீயோடா? உயிரோடை இருக்கிறியோடா?"

மாமா கத்திய கத்தலில் யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சின்ன மாமாதான், அகதி முகாமிலிருந்து யாருடையதோ போனில். அம்மா ஓடிவந்து பறித்து, அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும், "சாப்பிட்டியோ? சாப்பிட்டியோ?" என்று அதையே கேட்டார். மாமா சோற்றுப் பானையை எடுத்து அகப்பையால் அடிக்கத் தொடங்கினார்.

"மாமா, இண்டைக்கு ஞாயிற்றுக்கிழமை!"

"இருக்கட்டும் பிள்ளை, நீயும் அடி!"

விடுவேனா? இரண்டு மூடிகளை எடுத்து மோதினேன். அப்படியொரு சந்தோஷம்!

கதவு மணி அடித்தது. கீழ்வீட்டு அன்ரி. தொலைந்தோம் என்று நினைத்தேன். மாமா கண்ணைத் துடைத்தபடி ஜெர்மனில் ஏதோ சொன்னார். அன்ரி அவரைக் கட்டிப்பிடித்தார். பிறகு கீழே போய் ஒரு பிளம்பழக் கேக்கைத் தட்டோடு கொண்டுவந்து எல்லோருக்கும் வெட்டிக் கொடுத்தார். சாப்பிடும்போது மெல்ல ஏதோ சொன்னார்.

"என்னவாம்?" என்று அம்மா கேட்டார்.

"அவ சின்னப்பிள்ளையா இருக்கேக்கை இஞ்சை நடந்த யுத்தத்துக்கு அவவின்ரை அண்ணன் போனவராம். இன்னும் வரேல்லையாம்."

ஏனோ அம்மா கேக் துண்டைக் கீழே வைத்துவிட்டு அன்ரியின் கையைப் பிடித்தார். எனக்கோ விஷயம் சுலபமாகப் பட்டது. எங்கள் ஆள் கிடைத்துவிட்டார், அன்ரியுடைய ஆளும் வருவார்தானே? மிஞ்சிய கடைசித் துண்டுக்கு ஆசைப்படாமல் அதைத் தட்டோடு அன்ரியிடம் நீட்டினேன்.

"அண்ணன் வந்தவுடனை குடுக்கச் சொல்லுங்கோ, மாமா."

மாமா அதை ஜெர்மனில் சொல்லவேயில்லை. எனக்கு அவர்மேல் சரியான கோபம்.