கறுப்புத் திரையில் ஏறிய எண்

அன்று காளப்பநாயக்கன்பட்டிக் கம்ப்யூட்டர் கடையில் இருந்தவர்கள்: கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்த ஒருவர். அவர் மச்சான். ஒரு லாரி டிரைவர். கடைக்காரர். என் மகள். மலைமேல் வளப்பூர் நாட்டிலிருந்து கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்த நான். இரண்டாயிரத்து மூன்றோ நாலோ.

அந்தப் பழைய கம்ப்யூட்டரை மகளுக்கு வாங்கியிருந்தேன். மனு, நோட்டீஸ் அடித்துக் கொடுத்துப் பிழைக்கப் பார்த்தாள். எனக்கு எழுத்து தடுமாறும். எண் தடுமாறாது. லாரியில் ஏறும் மிளகு மூட்டைகளை எண்ணுவது என் வேலை. ஸ்விட்சைப் போட்டதும் கறுப்புத் திரையில் ஓர் எண் ஏறி ஏறி வந்து நிற்கும். “அது மெமரிப்பா, அறுபத்து நாலு எம்.பி.” என்றாள். நின்ற எண்ணைக் காலண்டரில் எழுதி வைத்தேன். 65536.

ஒருமுறை உள்ளே ஃபேன் இரைந்தது. அந்தக் கடைக்காரரிடம் சரிபார்க்க விட்டு எடுத்து வந்தோம். மறுநாள் எண் பாதியில், 32768-லேயே நின்றுவிட்டது. மகள் அப்போது கோயில் திருவிழா நோட்டீஸ் ஒத்துக்கொண்டிருந்தாள். சாமி படத்தையும் எழுத்தையும் சேர்த்துத் திறந்தால் மிஷின் உறைந்து நின்றது. கோயில்காரர்கள் மூன்று நாள் பார்த்துவிட்டு, “நாங்க கீழயே அடிச்சுக்கறோம் கண்ணு” என்று போய்விட்டார்கள். அதன்பின் ஒருவரும் வரவில்லை. அவள் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

பெட்டியோடு கீழே போய்க் கடைக்காரரிடம் கேட்டேன். சிரித்தார். “ஏனுங்க, பழைய பெட்டிக்கு முப்பத்திரண்டு எம்.பி.யே தாராளமுங்க. மலையில மிளகுக் கொடிக்கா படம் காட்டப் போறீங்க?”

பத்திரிகை அடிக்க வந்தவரின் மச்சானும் சிரித்தார்.

“எண்ணு முன்ன இதுக்கு ரெட்டிப்பா இருந்துச்சுங்க.”

“அது சும்மா ஓடறதுங்க. உங்களுக்குப் புரியாது.”

“மூடியக் கழட்டு கண்ணு” என்றேன் மகளிடம்.

மெமரி செருக இரண்டு இடுக்குகள். ஒன்று காலி. உள்ளே எங்கும் தூசி. அந்தக் காலி இடுக்கில் மட்டும் இல்லை. லாரி டிரைவர் குனிந்து பார்த்தார். “பல்லுப் புடுங்குன எடமாட்ட இருக்குதுங்களே!”

கடைக்காரர் மேசை டிராயரைத் திறந்தார். ஒரு மெமரி அட்டையை அவரே எடுத்துச் செருகினார். “மாறிப் போச்சுங்க. வெளிய சொல்லிராதீங்க.”

பஸ் ஏறியதும் சொல்ல ஆரம்பித்தேன். மலையில் யார் கம்ப்யூட்டர் வாங்கினாலும் போய், அந்த எண்ணை எழுதி வைக்கச் சொன்னேன். ஏன் என்றும் சொன்னேன், கடையின் பெயரோடு. இரண்டு வருஷம் கழித்துக் கடைக்காரரே மேலே வந்தார். “போதுமுங்க, விட்டுருங்க” என்றார்.

“இன்னும் அரியூர் நாடு பாக்கி இருக்குதுங்க” என்றேன்.

பிறகு கடை இல்லை. எனக்கு வருத்தமும் இல்லை. எழுத்து மட்டும் அடிக்க முப்பத்திரண்டு போதும், படமும் சேர்ந்தால் அறுபத்து நாலு வேண்டும், அதற்குமேல் அந்த மிஷினுக்குத் தேவையில்லை என்று மகள் பின்னாளில் சொன்னாள். எவ்வளவு வேண்டும் என்பது கடைக்காரருக்குத் தெரியும். தெரிந்துதான் எடுத்தார்.

மகளிடம் இப்போது புது மிஷின். பழையது என் கட்டிலருகே இருக்கிறது. அதில் ஒரு வேலையும் இல்லை. காலையில் ஸ்விட்சைப் போடுவேன். எண் ஏறும். நிற்கும்வரை பார்ப்பேன்.

65536.