மதினியின் பாவாடையில் என் சுருள்

கல்யாணத்துக்கு முன்பு ஹாஸ்டலில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது லேஸ் போடுவது ஒன்றுதான். திண்டில் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சின்னக் கட்டைகளைத் தொங்கவிட்டு, மாற்றி மாற்றிப் பின்ன வேண்டும். அதில் சுருள் போடுவது உயிரை எடுக்கும். விரல் அகல நாடாவை நடுவில் ஆரம்பித்து வளைத்து வளைத்துப் போட்டு, ஒவ்வொரு சுற்றையும் முந்தின சுற்றோடு கொக்கி ஊசியால் கோக்க வேண்டும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் வாசுதேவநல்லூரில் ஒரு தையல் பள்ளிக்கு லேஸ் டீச்சர் தேவைப்பட்டது. சொந்தமாகப் போட்ட சுருளைப் பார்த்துத்தான் எடுப்போம் என்றார்கள். தறிச்சத்தம் ஓயாத எங்கள் சங்கரன்கோவில் வீட்டில், மத்தியானங்களில் கழுத்து ஒடிய உட்கார்ந்து போட்டு முடித்தேன்.

இன்டர்வியூவுக்கு முந்தின நாள் பீரோவில் சுருளைக் காணோம். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வந்திருந்த மதினி, என் வீட்டுக்காரரின் அக்கா, கோத்த இடத்தையெல்லாம் பிளேடால் அறுத்து, நாடாவாக நீட்டி, தன் புது உள்பாவாடையின் அடியில் வைத்துத் தைத்திருக்கிறாள்! கேட்டால், சும்மாதானே கிடந்தது என்கிறாள். என் வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, நூல்தானே, வேறொன்று போட்டுக்கொள் என்றார். விடிந்தால் இன்டர்வியூ! அன்று ராத்திரி அந்த மனுஷனுக்குச் சோறு போட்ட என் கையை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஆனால் நாடா நிமிரவில்லை. வளைத்துப் போட்டதில் வெளிவிளிம்பு நீளம், உள்விளிம்பு குட்டை. எவ்வளவு இழுத்துத் தைத்தாலும் பாவாடையின் அடியைச் சுருட்டிக்கொண்டு நின்றது. மதினி அதை என்னிடமே தூக்கிக்கொண்டு வந்தாள். இஸ்திரி போட்டு நேராக்கித் தர வேண்டுமாம். வாங்கி என் பைக்குள் வைத்தேன்.

“ஏட்டி, அத எங்க கொண்டு போற?”

“இன்டர்வியூவுக்கு. என் லேஸ் இதுலதான இருக்கு.”

“உள்பாவாடைய நாலு பேர் முன்னாலயா விரிப்ப? எம் மானம் போயிரும்லா.”

“அறுக்கும்போது என் பொழப்பு போயிரும்னு தெரியலியா மதினி?”

மறுநாள் முதல் பஸ்ஸில் போனேன். மேசைமேல் பாவாடையை விரித்து, யாருடையது, யார் அறுத்தது என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவர்கள் முன்னாலேயே தையலைப் பிரித்தேன். விடுபட்ட நாடா தானாகவே சுருண்டு உட்கார்ந்தது.

வேலை கிடைத்தது. பாவாடையைத் துவைத்து மடித்து மதினியிடம் திருப்பிக் கொடுத்தேன், அவள் கேட்டபடியே இஸ்திரி போட்டு.