உப்புக் குவியல் மேல் உட்கார்ந்த ஏரோப்ளேன்

உப்பு வியாபாரிக்கு எதிரி பக்கத்துக் கடைக்காரன் இல்லை, மேகம்தான். வானத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும்.

வந்து இறங்கினார்

அறுபதுகளின் கடைசி. அத்திப்பட்டுப் பக்கம் உப்பளம் குத்தகைக்கு எடுத்திருந்தேன். ஐப்பசி மழைக்கு முன்னால் உப்புக் குவியலுக்கு ஓலை போட்டு மூடிக்கொண்டிருந்தோம். அப்போது பார்த்து ஒரு குட்டி ஏரோப்ளேன் இருமிக்கொண்டே வந்து, பாத்திகளில் தடதடவென்று ஓடி, குவியல் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது.

உள்ளேயிருந்து ஒரு மீசைக்காரர் இறங்கினார். ஓட்டப் பழகுகிறாராம். சிராய்ப்புகூட இல்லை. "ஏன்யா, உனக்கு என் உப்புதான் கெடச்சுதா?" என்று கத்தினேன். விரலை நக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உப்பா? வெள்ளையா இருந்துச்சா, பனியில எறங்குறா மாதிரி மெத்துனு இருக்கும்னு நெனச்சேன்."

விரல் படக்கூடாது

ஏட்டய்யா சைக்கிளில் வந்து காவலுக்கு நின்றார். கடல் பக்கம் வானம் கறுத்துவிட்டது. ஏரோப்ளேனைத் தள்ளாமல் ஓலை போட முடியாது. போடாவிட்டால் மொத்த உப்பும் கரைந்து ஓடைக்குப் போய்விடும்.

"கொஞ்சம் நவுத்திக்கிறேன் ஏட்டய்யா."

"ஊஹூம்."

"றெக்கைய மட்டும்?"

"ஊஹூம்."

"வாலு?"

"இன்னாய்யா பேஜாரு பண்ணிக்கினுகீறே! மெட்ராஸ்லேருந்து ஆபீசர் வர்ற வரிக்கும் ஏரோப்ளேன் மேல ஒரு விரல் படக்கூடாது. உப்ப நீ இன்னா வேணா பண்ணிக்கோ!"

பறக்குமா?

கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். வேடிக்கை பார்க்க ஊரே கூடியிருந்தது. "ஏரோப்ளேன் ஏறின உப்பு! வாங்காதவன் வரப்புல நிக்காதே!" என்று கூவினேன். ஆட்கள் அடியிலிருந்து வாரி வாரி மூட்டை கட்டினார்கள். ஏட்டய்யா விரல்களை மட்டும் கவனித்துக்கொண்டிருந்தார்.

ஊத்துக்கோட்டை ஊறுகாய்க்கார அம்மா மட்டும் மூட்டையை முகர்ந்து முகர்ந்து பார்த்தாள். பெட்ரோல் வாடையாம், விலையைக் குறைக்க வேண்டுமாம். ஒரு பைசா குறையாது என்று குதித்தேன். "கோவிச்சிக்காத நைனா. இத்தப் போட்டா ஊறுகா ஜாடியிலயே நிக்குமா, பறந்துடுமா?"

மறுபடி இறங்கினார்

அடியில் உப்பு குறையக் குறைய ஏரோப்ளேனும் தாழ்ந்துகொண்டே வந்தது. பொழுது சாய்வதற்குள் முனகிக்கொண்டே தரையில் சக்கரம் ஊன்றி நின்றுவிட்டது. மிச்ச உப்பை ஒரு பக்கம் ஒதுக்கிக் கடைசி ஓலையைப் போட்டோம். மழை பிடித்துக்கொண்டது.

"யாருய்யா தொட்டது?" என்று ஏட்டய்யா பதறினார். மீசைக்காரர் நனைந்துகொண்டே ஏரோப்ளேனை ஒரு சுற்று சுற்றி வந்தார். மீசையை முறுக்கிக்கொண்டார். "பாத்தீங்களா? நான் சொன்னாப்பலயே மெத்துனு எறங்கிச்சு!"

எங்கள் எதிரி மேகம்தான், ஆனால் அதற்குள்ளிருந்து என்ன வந்து இறங்கும் என்று எந்த உப்பு வியாபாரியாலும் அடித்துச் சொல்ல முடியாது.