பேய் மாதத்தில் முழுப்பெயர்

இதைக் கதை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். நடந்தது எனக்கு. தைவானில், தாவ்யுவான் நகரத்தில், ஒரு மருந்துக் கம்பெனியின் கம்ப்யூட்டர் சர்வர் அறையில். பட்டப்பகலில். ஆனால் ஜன்னலே இல்லாத அந்த அறைக்குப் பகலேது, இரவேது?

சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் எங்கள் ஊரில் பேய்கள் வெளியே உலாவ வரும். அந்த மாதம் யாரையும் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். பெயரைக் கேட்டுவிட்டால் பேய் கூடவே வந்துவிடும். ஆபீசில் எல்லோருக்கும் நான் வெறும் ஆ-ரூ.

இன்னொரு வழக்கமும் உண்டு. சர்வர் ஒழுங்காக ஓட, அதன் தலையில் பச்சை நிறச் சோளப்பொரிப் பொட்டலம் ஒன்றை வைப்போம். 'சமர்த்தாக இரு' என்று எழுதி, பார்த்துக்கொள்பவர் பெயரையும் போடுவோம். சிரிக்காதீர்கள். பெரிய பெரிய இன்ஜினியர்களே வைக்கிறார்கள்.

அந்த வாரம் எங்கள் மூலைச் சர்வர் தினமும் மதியம் 2:40-க்குப் பொட்டென்று அணைந்தது. அதற்குப் பொறுப்பு ஷூமின் அக்கா. எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர். தன் சாப்பாட்டு டப்பாவிலிருந்து முட்டையை எடுத்து என் டப்பாவில் வைப்பவர். இன்னொரு முறை அணைந்தால் அக்காவின் வேலை போய்விடும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

"எனக்கு உள்ள போகவே பயமா இருக்குடி."

"நான் போறேன்க்கா. நீங்க சுவிட்ச் போர்டுகிட்ட நில்லுங்க."

"ஸ்பீக்கர்ல உன்னைக் கூப்பிடுவேன். சத்தமா 'இருக்கேன்'னு சொல்லணும். மறந்துடாதே."

போனேன். பவர் சப்ளை இரண்டையும் மாற்றினேன். கேபிளை மாற்றினேன். வேறு பிளக்கில் சொருகினேன். மீட்டர் வைத்துப் பார்த்தேன். மின்சாரம் துளிகூட ஆடவில்லை.

2:40.

பொட்... அணைந்தது.

இரண்டு கேபிளையும் உருவிக் கையில் பிடித்தேன்.

விர்ர்ர்... உள்ளே விசிறி சுற்றியது. பச்சை விளக்கு எரிந்தது. கேபிள்கள் என் கையில்தான் இருந்தன.

மேலே பொட்டலம் சரசரத்தது. எழுத்தை யாரோ விரலால் தடவிப் படிப்பதுபோல...

"லுவோ யீ-ரூ..."

என் முழுப்பெயர்! ஆண்குரல் போலிருந்தது. ஸ்பீக்கரின் கரகரப்பாக இருக்கும். அக்காதானே...

"லுவோ யீ-ரூ... நிறுத்திட்டியா?"

"இருக்கேன்!" என்றேன்.

காதருகே ஒரு பெருமூச்சு.

தீய்ந்த முடி வாடை.

பிறகு அமைதி...

பொட்டலத்தைப் பார்த்தேன். நேற்றுவரை அதில் அக்காவின் பெயர் இருந்தது. இது புதுப் பொட்டலம். அக்காவின் கையெழுத்து. என் முழுப்பெயர்.

வெளியே ஓடினேன். சுவிட்ச் போர்டுப் பக்கம் யாருமில்லை. வாசலில், பேய்களுக்குப் படைத்த மேஜைமுன் அக்கா ஊதுவத்தியோடு நின்றிருந்தார்.

"பதில் சொன்னியா?"

"சொன்னேன்க்கா."

"மன்னிச்சுக்கோடி," என்று அழுதார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதன்பின் அந்தச் சர்வர் ஒருநாளும் அணையவில்லை. எந்த வேலையைக் காப்பாற்ற நான் உள்ளே போனேனோ, அதை அக்கா மறுநாளே உதறிவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு நெஞ்சு வெடித்து அழுதேன். பெற்றவளிடம்கூட நான் அப்படி நம்பிக்கை வைத்ததில்லை.

மீதியைக் காவலாளி ஹ்வாங் மாமாதான் சொன்னார்.

"மூணு வருஷம் முன்னாடி, இதே மாசம், மதியம் 2:40-க்கு, ஆன்-தேன்னு ஒரு பையன் அந்த மூலையிலதான் கரண்ட் அடிச்சுச் செத்தான்மா. 'ஷூமின், நிறுத்திட்டியா?'ன்னு உள்ளேருந்து கத்தினான். 'நிறுத்திட்டேன், கை வை'ன்னு சொன்னா. அவ சுவிட்சைத் தொடவே இல்லை. படையலுக்கு நேரமாச்சுன்னு ஓடிட்டா."

"அக்கா அன்னைக்கு என்னை ஸ்பீக்கர்ல கூப்பிட்டாங்களே மாமா?"

மாமா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"அந்த ஸ்பீக்கருக்கு ஒயரே கிடையாதும்மா. அவன் செத்த அன்னைக்கே பிடுங்கிட்டாங்க. பிடுங்கச் சொன்னதே ஷூமின்தான்."

வேலையை விட்டேன். ஊரையும் மாற்றினேன். இப்போதும் மதியம் 2:40-க்கு வீட்டில் விளக்கு அணைகிறது.

"லுவோ யீ-ரூ... நிறுத்திட்டியா?"

அவன்மேல் எனக்குக் கோபமில்லை. எங்கள் இருவரையும் ஏமாற்றியவள் ஒருத்திதான்.

"இல்லை, ஆன்-தே. இன்னும் நிறுத்தலை. கை வைக்காதே," என்று தினமும் உண்மையைத்தான் சொல்கிறேன்.

அவன் நம்புவதில்லை. மறுபடியும் அந்தத் தீய்ந்த முடி வாடை.