குளிர்க்கோட்டோடு பதினொரு கிலோமீட்டர்

பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். நாலு பேர் திரும்பிப் பார்த்தாலே எனக்கு வாயில் சொல் வராது. அப்படிப்பட்டவள் எழுத உட்கார்வது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்லவேண்டிய இடத்தில் சொல்லாமல் விட்டது ஒன்று உள்ளே கிடந்து அரிக்கிறது.

ஜெர்மனியில், எசன் நகரத்தில் ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்கிறேன். முழங்கால் வலிக்கு நடக்கச் சொன்னார் டாக்டர். நடந்து நடந்து, நாற்பத்தெட்டு வயதில் ஓடத் தொடங்கி, ஒரு ஜெர்மன் பெண்களின் ஓட்டக் குழுவில் சேர்ந்தேன். கணவருக்கு மட்டும் தெரியும். நம் ஆட்களிடம் மூச்சு விடவில்லை. வேகமாக நடந்தாலே சுகரா, பிரஷரா என்று விசாரிப்பவர்கள்.

அந்த வருடம் குழு, வளைகுடாவில் ஒரு பாலைவன நகரத்துக்கு ஓடப் போவதாக இருந்தது. அங்கே வருடம் முழுக்க வெயில்; விடிவதற்கு முன்பே ஆட்கள் தெருவில் ஓடுவார்களாம், சைக்கிள் மிதிப்பார்களாம். எனக்கு ஆசை பிடித்துவிட்டது. இருபது வருடமாக என் லீவெல்லாம் கலியாணவீட்டுக்கும், பெண்பிள்ளைகள் பெரியவளான சாமத்தியவீட்டுக்குமே போனது. எனக்கென்று ஓர் இடத்துக்கு நான் போனதில்லை.

ஆறு பேருக்குத்தான் இடம். ஏரியைச் சுற்றிப் பதினான்கு கிலோமீட்டரை இரண்டு மணி நேரத்துக்குள் முடிப்பவர்களின் பெயர் பட்டியலில் ஏறும். எங்களைப் பழக்கியவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. உடம்பு சூட்டுக்குப் பழகட்டும், ஒரு சட்டை கூடுதலாகப் போட்டுக்கொண்டு ஓடுங்கள் என்றார். ஒரு சட்டைக்கே பலன் உண்டென்றால் கோட்டுக்கு எவ்வளவு இருக்கும் என்று நான் கணக்குப் போட்டேன். ஆகஸ்ட் வெயிலில் முழங்கால்வரை நீண்ட குளிர்க்கோட்டோடு போய் நின்றேன். இது அதிகம் என்றார் ஆசிரியை. வழக்கம்போலத் தலையை ஆட்டிச் சிரித்துவிட்டுக் கடைசி ஆளாக ஓடினேன்.

பதினொரு கிலோமீட்டர் முடிந்தபோது இன்னும் அரை மணிக்குக் கொஞ்சம் குறைவாக நேரம் இருந்தது. முகம் முழுக்க வேர்வை. கண்ணுக்குள் இறங்கி எரிந்தது. ஆனாலும் கால் சொன்னபடி கேட்டது. முடித்துவிடுவேன் என்று முதல்முறையாக நம்பினேன்.

அப்போதுதான் ஏரிக்கரைத் தெருவில் ஒரு வான் பக்கத்தில் வந்து நின்றது. கோயில் அன்னதானத்துக்குக் கிடாரங்களோடு போய்க்கொண்டிருந்த எங்கள் பகுதி அண்ணையும் அவர் மனைவியும். அக்கா இறங்கி வந்து என் கையைப் பிடித்தார். குளிர்க்கோட்டு, நனைந்த முகம், சிவந்த கண். அவர் என்ன நினைத்தார் என்று எனக்கு உடனே விளங்கியது.

"எங்க பிள்ளை போறீர் இந்தக் கோலத்தில?"

"ஓடிப் பழகிறன் அக்கா."

"ஆர் துரத்தினது?"

ஒருவரும் துரத்தவில்லை என்றேன். அக்கா அண்ணையைத் திரும்பிப் பார்த்தார். அண்ணை என் கணவருக்குப் போன் எடுத்தார். அவர் ஞாயிறும் வேலைக்குப் போகிறவர். மெஷின் சத்தத்தில் போன் கேட்காது.

"பாத்தீங்களே, எடுக்கிறாரில்லை," என்றார் அக்கா. பிறகு என் தோளைத் தடவினார். "வெக்கப்படாதேயும். எல்லா வீட்டிலயும் நடக்கிறதுதான். இவரும் ஒருக்கா எனக்குப் பிளேட்டால எறிஞ்சவர்."

"அது பிளாஸ்டிக் பிளேட்," என்றார் அண்ணை.

பின்னால் கார்கள் ஹாரன் அடித்தன. நாய் கொண்டு போனவர்கள் நின்று பார்த்தார்கள். விளக்கிச் சொல்ல எனக்கு இரண்டு வசனம் போதும். ஒரு குழு இருக்கிறது, இன்னும் மூன்று கிலோமீட்டர் இருக்கிறது. அந்த இரண்டு வசனமும் வரவில்லை. வயதில் மூத்தவர் பிடித்த கையை உதறவும் ஏலவில்லை. ஏறிவிட்டேன்.

சோற்றுக் கிடாரத்துக்கும் அப்பளப் பெட்டிக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். ஓட்டம் முடியும் படகுத்துறையை வான் கடந்தபோது ஆசிரியை கையில் கடிகாரத்தோடு நான் வரவேண்டிய பாதையையே பார்த்துக்கொண்டு நின்றார். இங்கே இறக்கிவிடுங்கோ என்று சொல்லியிருக்கலாம். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அக்காமேல் எனக்குக் கோபமில்லை. அவர் நல்லதுதான் செய்தார். என் வாய்மீதுதான் கோபம். அது இன்னும் ஆறவில்லை.

வீட்டில் இறக்கிவிட்ட அக்கா, கணவர் வந்ததும் தான் பேசுவதாகச் சொன்னார். சொன்னபடியே பேசினார். என் கணவர் ஒரு மணி நேரம் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "ஓம் அக்கா, ஓம் அக்கா" என்று, செய்யாத குற்றத்துக்கெல்லாம் தலையாட்டினார்.

மறுநாள் எனக்குக் காலை வேலை. பத்து மணி இடைவேளையில் போனைப் பார்த்தேன். குழுவின் பட்டியல் வந்திருந்தது. ஆறு பெயர்கள், என் பெயர் இல்லை. வாழ்த்துகள் என்று எழுதி அனுப்பிவிட்டு, தட்டுகளை மெஷினில் அடுக்கப் போனேன்.