வயர்மேன் தாணுவின் மத்தியான உறக்கம்

நெய்யாற்றின்கரைக்குப் பக்கத்தில், செங்கல் என்ற ஊரில் பாதி வீடுகளுக்கு வயரிங் செய்தவர் தாணு. கால் முட்டு தேய்ந்து ஏணியில் ஏற முடியாமல் போன பிறகு, மத்தியானச் சோறு இறங்கியதும் முன்னறைக் கட்டிலில் சாய்ந்துவிடுவார். அந்த நேரத்தில் மனைவி அம்மிணி மிக்ஸி போட்டுவிட்டால் போதும், வீடு ரெண்டாகும். "இந்த மனுசனுக்கு உறங்குறதும் ஒரு சோலியாக்கும்" என்று அவள் அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். உண்மையிலேயே அது ஒரு சோலிதான் என்று அவளுக்குத் தெரியாது.

எப்படித் தொடங்கியது தெரியுமா? ஒருநாள் கனவில் யார் வீட்டிலோ சுவிட்சைப் போடுகிறார், பல்பு எரியவில்லை. ஃபியூஸ் சரி, ஹோல்டர் சரி, வயரும் சரி. எல்லாம் சரியாக இருந்தும் எரியவில்லை என்றால்? "ஓ, இது சொப்பனமாக்கும்!" என்று கனவுக்குள்ளேயே மனிதருக்கு விளங்கிவிட்டது. அப்புறம் என்ன, ராஜாதான். நினைத்தால் தென்னைக்கு மேலே பறந்தார், நினைத்தால் நெய்யாற்றில் முங்கி நீந்தினார். முட்டுவலி கிட்டத்திலேயே வரவில்லை. அன்று முதல் சந்தேகம் வந்தால் கை தானாகக் கட்டிலின் தலைமாட்டுச் சுவிட்சுக்குப் போகும். எரிந்தால் நனவு, எரியாவிட்டால் சொப்பனம். ஒருநாளும் தப்பியதில்லை.

பறந்து சலித்த பிறகு, மகள் பிரசீதாவைக் கூப்பிட ஆரம்பித்தார்.

ஒரே மகள். கூட்டாளி கிருஷ்ணன்குட்டியின் மகனுக்குத் தருகிறேன் என்று இவர் வாக்குக் கொடுத்துவிட்டு வந்து நிற்க, அவளோ பொன்னுதாஸ் மகன், சர்ச்சில் பாட்டுப் பாடுகிற பிஜுவை நெய்யாற்றின்கரையில் ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கொண்டாள். மாலையும் கழுத்துமாக ஆசீர்வாதம் வாங்க வந்த பிள்ளையை வாசலிலேயே தடுத்து, தெருவே கேட்க, "எனக்கு மகளே இல்ல. இந்தப் படி ஏறப்பிடாது" என்று கத்தினார். அவர்கள் கொல்லத்துக்குக் குடிபோனார்கள். வருஷங்கள் போயின. அவளுக்கு ஒரு பெண்குழந்தையும் பிறந்தது. தாணுவுக்கு உள்ளே எல்லாம் எப்போதோ இளகிவிட்டது, ஆனால் போனை எடுத்து ஒரு வார்த்தை பேச வீம்பு விடவில்லை. பாழாய்ப்போன வீம்பு!

கனவில் மட்டும் வசதியாக இருந்தது. முதலில் பெரிய பிரசீதாதான் வருவாள், சேலை கட்டி, கண் கலங்கி, வாசல்படியில் நிற்பாள். அவளிடம் "தப்பு பண்ணிட்டேன் மக்கா" என்று சொல்ல வேண்டும். கனவென்று தெரிந்தும் அவருக்கு நாக்கு எழும்பாது. அதனால் ஒரு குறுக்கு வழி பிடித்தார். "நீ வேண்டாம், போ. சின்னவள வரச்சொல்லு" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். திறக்கும்போது ரெட்டைப் பின்னலும் யூனிஃபாரமுமாகப் பழைய பிரசீதா ஓடிவந்து மடியில் விழுவாள். அவளிடம் மன்னிப்பு ஒன்றும் கேட்க வேண்டாமே. மத்தியானம் மத்தியானம் அவளோடுதான் விளையாட்டு.

அம்மிணி இதொன்றும் அறியாமல் வேறொரு வேலை செய்துகொண்டிருந்தாள். மாசக்கணக்காகப் போனில் மகளிடம் கெஞ்சினாள். "உங்க அப்பா பழைய ஆளு இல்ல மக்கா. ஒருக்கா வந்து நில்லு, போதும்." முன்கூட்டிச் சொன்னால் மனுசன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார் என்று அவரிடம் மூச்சு விடவில்லை. அவர்கள் வரவேண்டிய நாளில், பேத்திக்குப் பலகாரம் வாங்க டவுனுக்குப் போய், பஸ் கிடைக்காமல் மாட்டிக்கொண்டாள்.

தாணு வியர்வையில் கண் விழித்தார். வாசல்படியில் பிரசீதா நின்றாள், சேலை கட்டி, கண் கலங்கி.

"அப்பா" என்றாள்.

கை சுவிட்சுக்குப் போயிற்று. பல்பு எரியவில்லை.

கரண்டு போயிருக்கும் என்று, அட, ஒரு வயர்மேனுக்குத் தோன்ற வேண்டாமா? தலைக்கு மேலே ஃபேன் நின்று கிடக்கிறதே, அண்ணாந்து பார்க்க வேண்டாமா? எத்தனையோ மத்தியானம் பார்த்துப் பழகிய காட்சி, அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. சின்னவள் வரப்போகிற சந்தோஷத்தில் முகமெல்லாம் சிரிப்பு.

"நீ வேண்டாம், போ" என்றார். கண்ணை மூடிக்கொண்டார்.

காத்திருந்தார். சின்னக் காலடி ஒன்றும் கேட்கவில்லை. வெளியே ஆட்டோ புறப்படுகிற சத்தம் கேட்டது. பிறகு, முகத்தில் காற்று அடித்தது. கண்ணைத் திறந்தால் தலைக்கு மேலே ஃபேன் சுற்றுகிறது, பல்பு பளிச்சென்று எரிகிறது. சொப்பனத்தில் கரண்டு வந்த சரித்திரமே கிடையாது.

முட்டுவலியை மறந்து ஓடினார். தெரு காலி. வாசல்படியில் ஒற்றைச் செருப்பு கிடந்தது, ரோஸ் நிறத்தில், உள்ளங்கை அளவு. குழந்தையை அள்ளித் தூக்கும்போது காலிலிருந்து கழன்றிருக்க வேண்டும். பிரசீதாவின் சேலைக்குப் பின்னால் நிஜமாகவே ஒரு சின்னவள் நின்றிருக்கிறாள்.

பலகாரப் பையோடு வந்த அம்மிணி செருப்பைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "அவகிட்ட என்ன சொன்னிய?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். "சொப்பனமா?" என்று அம்மிணி தலையில் அடித்துக்கொண்டாள். "இத நான் எந்த வாயால அவகிட்ட சொல்லுவேன்?"

ஆனாலும் சொன்னாள். பிரசீதா நம்பவில்லை. "அப்பா என் முகத்தப் பாத்து, சிரிச்சிட்டே போன்னு சொன்னாரும்மா. கோவத்துல சொல்லியிருந்தா நான் அங்கயே நின்னிருப்பேன்" என்றாள். தாணு கூப்பிட்டால் போனை எடுப்பதே இல்லை. ஒருதடவை கொல்லத்துக்கே ரயில் ஏறிப் போனார். கதவு திறக்கவில்லை.

இப்போதும் மத்தியானம் பெரிய பிரசீதா வருகிறாள். "போகாத மக்கா, இரி. தப்பு பண்ணினது நானாக்கும்" என்று அவளிடம் தடங்கலில்லாமல் சொல்லிவிடுகிறார். அவளும் உட்காருகிறாள். விழித்தெழுந்தால் அந்த வார்த்தையைக் கேட்க யாருமில்லை.

வாசலில் யார் வந்தாலும் இப்போது அவர் கை சுவிட்சுக்குப் போவதில்லை. மீன்காரி ஆனாலும் சரி, நன்கொடை கேட்டு வருகிற பிரிவுக்காரர்கள் ஆனாலும் சரி, "வா மக்கா, உள்ள கேறி இரி" என்றுதான் முதலில் சொல்லுவார். போன வாரம் மீட்டர் பார்க்க வந்த பிள்ளை ஜிஜாவையும் அப்படித்தான் வற்புறுத்தி உட்கார வைத்தார். அவள் வாசலோரத்தில் இருந்த ரோஸ் செருப்பைக் கண்டு, "பேத்தி உண்டோ மாமா? உள்ள உறங்குதா?" என்று கேட்டாள்.

"இல்ல மக்கா" என்றார் தாணு. "அவ வந்த நேரத்துல நான்தான் உறங்கிட்டேன்."